இல்லாத வீட்டுக்கு இரண்டு மாடி

1

என் பெண்டாட்டிக்கு அரசாங்கம் கொடுக்க வந்த வீட்டை வாயாலேயே ஊதித் தள்ளப் பார்த்த மடையன் நான். இதில் வேறு யார் மேலும் குற்றமில்லை. அதிகாரி தங்கமானவர். விண்ணப்பப் பாரத்தைக் கறுப்பு மையில்தான் நிரப்பினோம். அடையாளக் கார்டை முன்னும் பின்னும் நகலெடுத்தோம். போட்டோவில் இரண்டு காதும் தெரிந்தன. எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த இடத்தில், "உங்களுக்கு வேற எங்கேயாவது வீடு இருக்கா?" என்று ஒரு கேள்வி வந்தது. "இல்லை" என்று சொன்னால் வேலை முடிந்தது. நான் "இருக்கு" என்றேன். அதோடாவது வாயை மூடினேனா? "ரெண்டு மாடி" என்றேன்.

ஊரில் இருக்கும் நீங்கள் படித்துச் சிரிப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்களில் யாராவது கடல் கடந்து போகிற உத்தேசத்தில் இருந்தால், ஊறுகாய் பாட்டில், விபூதிப் பொட்டலம் எல்லாம் எடுத்துப் போங்கள். வீட்டை மட்டும் வாயில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். சுங்கத்தில் பிடிக்க மாட்டார்கள். பின்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

2

மலேசியாவின் கெடா மாநிலத்துக்கு நான் வந்து இந்த மாதத்தோடு இருபத்தாறு வருஷம். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்தவன் சுங்கைப் பட்டாணியில் காதர் பாய் கடையில் ரொட்டி சானாய் போட நின்றேன், இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன். ரொட்டி சானாய் என்றால் நம் பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. உடம்பு மெலிசு, முகம் அகலம். காலை பசியாற வருகிற கூட்டத்துக்கு மாவை வீசி வீசி என் வலது கை மட்டும் இளைஞனாக இருக்கிறது. மற்ற பாகங்களுக்கு ஐம்பத்து மூன்று வயது.

காதர் பாய் கடைக்குப் பசியாற வருபவர்களில் ஒருவர் முனியாண்டி. புக்கிட் செலம்பாவ் பக்க ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். சனிக்கிழமைதோறும் இரண்டு ரொட்டி, ஒரு தேத்தண்ணி, என்னை ஏற இறங்க ஒரு பார்வை. அந்தப் பார்வைக்குப் பின்னால் ராணி என்று ஒரு மகள் இருந்தது எனக்கு நாலாவது மாதம்தான் தெரிந்தது.

பெண் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். லயத்து வீடு. நம் ஊரில் ரயில் பெட்டிகளைக் கோத்து நிறுத்தியதுபோல் பத்து வீடுகளுக்கு ஒரே கூரை. முனியாண்டி வாசல் தூணைத் தட்டிக் காட்டினார்.

"நம்ம வீடுதான் தம்பி. எங்கப்பா காலத்துலேருந்து."

சொந்த வீட்டுக்காரர் மகள்! அடுத்த கேள்வி என்னை நோக்கி வந்தது.

"ஊர்ல வீடு வாசல்லாம் எப்படி?"

ஊரில் எங்களுக்கு இருந்தது தொகுப்பு வீடு. உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. அரசாங்கம் அம்மா பேரில் கட்டிக்கொடுத்தது, ஒரு கூடம், ஒரு அடுப்படி, அவ்வளவுதான். அம்மாவுக்குப் பிறகு தம்பி பழனிவேலு பேருக்குப் போய்விட்டது. என் பேர் அதில் எங்கும் இல்லை. ஒரு காலத்தில் அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்திருந்தேன், அதையும் வெள்ளையடித்துவிட்டார்கள்.

"மாடி வீடு மாமா," என்றேன்.

முனியாண்டியின் முகத்தில் ஒரு நிறைவு. அந்த நிறைவைப் பார்த்த பிறகு எந்த மனுஷனால் "மன்னிக்கணும், கீழ் வீடு மட்டும்தான்" என்று திருத்த முடியும்? நிச்சயம் நடந்தது. கல்யாணம் நடந்தது. மாடி மட்டும் இறங்கவே இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் தன் நண்பர்களிடம் என்னைக் காட்டி, "மாப்ளைக்கு ஊர்ல ரெண்டு மாடி" என்பார். ஒரு மாடி எப்போது இரண்டானது என்று எனக்கே தெரியாது. பொய்க்கு வளர்ச்சி விகிதம் அதிகம்.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. கல்யாணமான புதிதில் தம்பி ஒரு போட்டோ கேட்டான். தோட்டத்து மேட்டில் துரை பங்களா உண்டு. மேனேஜர் வெளியூர் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காதர் பாயின் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு பங்களாப் படியில் இடுப்பில் கைவைத்து நின்றேன். போட்டோவின் பின்பக்கம் "இங்கு நலம்" என்று மட்டும்தான் எழுதினேன். என் பங்களா என்று ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. தம்பி அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கூடத்தில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டான்.

ஆக, கெடாவில் கேட்டால் எனக்கு இந்தியாவில் மாடி வீடு. இந்தியாவில் கேட்டால் கெடாவில் பங்களா. நான் படுத்துத் தூங்கியது மாமனார் வீட்டு முன்கூடத்தில்.

3

மாமனார் "நம்ம வீடு" என்ற லட்சணமும் ஒரு வருஷத்தில் தெரிந்துவிட்டது. ஒருநாள் இரண்டு பெயின்டர்கள் வந்து, கேட்காமல் கொள்ளாமல் வீட்டுக்குப் பச்சையடித்து, கதவில் கறுப்பு எண் போட்டுவிட்டுப் போனார்கள்.

"யார் மாமா இவங்க? நம்ம வீட்டுக்கு இவங்க ஏன் பெயின்ட் அடிக்கிறாங்க?"

"கம்பெனி ஆளுங்கதான். பிரியத்துல அடிக்கிறாங்க," என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

வேலை இருக்கும்வரை வீடு. அதுதான் தோட்டத்துச் சட்டம். மாமனார் வேலையை விட்ட பிறகு ராணி செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை நாற்றங்காலில் சேர்ந்ததால் வீடு கைவிட்டுப் போகாமல் இருந்தது. பிறகு தோட்டத்தையே விற்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. லயத்துக்காரர்களுக்கு மாற்று வீடு கட்ட அரசாங்கம் பணம் ஒதுக்கிவிட்டதாகவும் செய்தி வந்தது. கோவில் மண்டபத்தில் கூட்டம் போட்டு, மாலை போட்டு, "ஒதுக்கீடு வந்துவிட்டது" என்றார்கள். எல்லோரும் கைதட்டினோம். மறுவாரம் காலி நிலத்தில் ஒரு பலகை நட்டார்கள். பலகையில் ஓட்டு வீடு, அதன் முன்னால் அப்பா அம்மா, இரட்டைச் சடையில் ஒரு சிறுமி.

அடுத்த வருஷம் பலகை மட்டும் இருந்தது. அதற்கடுத்த வருஷம் தூண்கள் எழும்பின. பிறகு தூண்களுக்கு நடுவே லாலாங் புல் எழும்பியது. மறுபடி ஒரு கூட்டம், மறுபடி ஒதுக்கீடு, சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்து நின்றது. வெயிலில் பலகை வெளுத்து அப்பாவுக்குத் தலை போய்விட்டது.

"அந்தச் சடை போட்ட பிள்ளைக்கு இந்நேரம் கல்யாணமே ஆயிருக்கும்," என்பார் மாமனார். "பில்லரு நிக்குது. ஒதுக்கீடுதான் படுத்துக்கெடக்கு."

எனக்கு இது புதிதில்லை. ஊரில் எங்கள் தொகுப்பு வீடும் இப்படித்தான் தவணை தவணையாக எழுந்தது. கடைக்காலுக்கு ஒரு தவணை, ஜன்னல் உயரத்துக்கு ஒரு தவணை, கூரைக்கு ஒரு தவணை. ஒவ்வொரு தவணைக்கும் அம்மா யூனியன் ஆபீஸ் வாசலில் பழியாகக் கிடப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் பழனிவேலும் புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பாதிச் சுவரின் மேல் உட்கார்ந்துகொண்டு, மிச்சச் சுவர் இருப்பதாக வைத்துக்கொண்டு, "உள்ள வராதே, கதவு சாத்தியிருக்கு" என்று தம்பியை விரட்டுவேன். அவனும் கதவைத் தட்டுவதுபோல் காற்றைத் தட்டுவான்.

ராணிக்கு ஒரு ஆசை இருந்தது. வெளியில் சொல்ல மாட்டாள். சந்தையில் ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு அழைப்பு மணி வாங்கி வந்தாள். பேட்டரியில் ஓடுவது, அமுக்கினால் குருவிபோல் கத்தும். லயத்து வீட்டுக்கு அழைப்பு மணி எதற்கு? ரோட்டில் நின்றே, "ராணிக்கா, குழம்புல உப்பு கூடிருச்சா?" என்று கேட்கிற இடம் அது. மணியைப் பிரிக்காமல் அலமாரியில் சேலைகளுக்கு நடுவே வைத்துவிட்டாள்.

"எப்ப மாட்டப்போறே?"

"மாட்றதுக்குச் சொவரு வரட்டும்," என்றாள்.

சுவரும் வந்தது. போன வருஷம் மூன்றாவது முறையாக ஒதுக்கீடு வந்து, இந்த முறை ஓடும் ஏறிவிட்டது. லயத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீசும் வந்தது. முதல் கட்டத்தில் கிடைத்தால் வீடு. கிடைக்காவிட்டால், அடுத்த கட்டத்துக்கு அடுத்த ஒதுக்கீடு வரும்வரை டவுனில் வாடகைக்கு அறை பார்க்க வேண்டியதுதான். அடுத்த ஒதுக்கீடு எப்போது என்று அந்தப் பலகைச் சிறுமியைத்தான் கேட்க வேண்டும்.

4

விண்ணப்பம் ராணி பேரில். அவள் இங்கே பிறந்த பிரஜை, நீல ஐசி, அதாவது நீல அடையாளக் கார்டு. நான் நிரந்தரவாசி, சிவப்பு ஐசி. நீலம் விண்ணப்பிக்கும், சிவப்பு பக்கத்து நாற்காலியில் பவ்யமாக உட்காரும். இதுதான் எங்கள் குடும்ப அரசியல் சட்டம்.

நேர்காணலுக்கு நாலு பேர் போனோம். நான், ராணி, பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள் தர்ஷினி, பழைய தோட்டத்துக் காகிதங்களைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு மாமனார். அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி, தர்ஷினியைவிடப் பத்து வயதுதான் கூட இருக்கும். மாமனாரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார். கேள்விகள் வந்தன. ராணி எல்லாவற்றுக்கும் அளவாகப் பதில் சொன்னாள். கடைசியில் அதிகாரி என் பக்கம் திரும்பி, மலாயில் ஐயா என்பதற்கான "என்சேக்" போட்டுக் கேட்டார்.

"என்சேக், வேற எங்கேயாவது வீடு இருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபத்தைந்து தீபாவளியாகப் பார்த்த அதே நிமிர்வு. மாப்பிள்ளை என்ன சொல்லப்போகிறான் என்ற அந்தப் பெருமிதக் காத்திருப்பு. அவர் முன்னால், என்னைவிடச் சின்ன வயது அதிகாரியிடம், "எனக்கு வீடு இல்லை" என்று எப்படிச் சொல்வது?

"இருக்கு," என்றேன் மலாயில். "இந்தியாவில். ரெண்டு மாடி."

தர்ஷினி என் முழங்கையைக் கிள்ளினாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"வாடகை வீடா, சொந்தமா?"

"சொந்தம்."

அதிகாரியின் விரல்கள் கணினியில் தட்டத் தொடங்கின. நாலைந்து தட்டு. ஒரு வீட்டை இடிக்க அவ்வளவு போதும்.

வெளியே வந்ததும் தர்ஷினி, "அப்பா, ஏன்ப்பா? அது வீடு இல்லாதவங்களுக்குக் குடுக்கற வீடுலா!" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எப்போதும் மோட்டார் சைக்கிளில் என் பின்னால் உட்கார்ந்து வருகிற ராணி அன்று மகள் மோட்டாரில் ஏறிப் போய்விட்டாள். எனக்குப் பின்னால் மாமனார், பிளாஸ்டிக் பையோடு. அவர் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்ததுபோல் இருந்தது. காற்றுச் சத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

5

நிராகரிப்புக் கடிதம் மரியாதையாக வந்தது. கணவருக்கு ஏற்கெனவே சொந்த வீடு இருப்பதால் பரிசீலிக்க இயலவில்லை, முப்பது நாளுக்குள் ஆதாரத்தோடு மேல்முறையீடு செய்யலாம். தர்ஷினி மலாயில் படித்துத் தமிழில் சொன்னாள். ராணி கேட்டு முடித்துவிட்டு உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம். மணியின் அட்டைப்பெட்டியைப் பிரிக்கும் சத்தம். நான் பயந்துபோனேன், தூக்கி எறியப்போகிறாள் என்று.

எறியவில்லை. பேட்டரி போட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்திவிட்டு மணியால் பேசத் தொடங்கினாள். குருவி ஒருமுறை கத்தினால் சோறு தயார். இரண்டு முறை என்றால் தேங்காய் துருவ வா. மூன்று முறை என்றால் நான் ஏதோ தப்பு செய்திருக்கிறேன், என்னவென்று நானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். மூன்றுதான் அதிகம் கேட்டது.

"ம்மா, பேட்டரி தீந்துரும்லா," என்றாள் தர்ஷினி.

"தீந்தா வேற வாங்கலாம். வீடுதான் வாங்க முடியாது."

காதர் பாயிடம் போய் அழுதேன். அவர் கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமல், "ஏண்டா, வீடு உள்ளவனெல்லாம் இல்லேன்னு சொல்லி மலிவு வீடு வாங்கப் பாக்கறான். இல்லாதவன் இருக்குன்னு சொல்லிக் கெட்டது ஒன்னையத்தான் பாக்கறேன்," என்றார். "அந்தக் காலத்துல என் சட்டைய வாங்கிப் போட்டுக்கிட்டுப் போனப்பவே நெனச்சேன்."

6

மேல்முறையீட்டுக்கு மூன்று சமாச்சாரம் வேண்டும். எனக்கு ஊரில் வீடு இல்லை என்று கிராம அதிகாரியின் கடிதம். அதற்கு மலாய் மொழிபெயர்ப்பு. பிறகு நானே சத்தியம் செய்து கையெழுத்துப் போட்ட பிரமாணம். வீடு இருக்கிறது என்று நிரூபிக்கப் பட்டா போதும். இல்லை என்று நிரூபிக்கத்தான் இரண்டு நாடு சேர்ந்து உழைக்க வேண்டியிருக்கிறது.

பழனிவேலுவை வாட்சப்பில் கூப்பிட்டேன்.

"டேய், நம்ம வீட்டுல என் பேர்ல எதுவும் இல்லேன்னு வி.ஏ.ஓ.கிட்ட ஒரு லெட்டர் வாங்கணும்."

அந்தப் பக்கம் டி.வி. சத்தத்தைக் குறைத்தான். பிறகு மெதுவாக, "பாகம் கேக்கப்போறியாண்ணே?"

"பாகம் இல்லேன்னு எழுதித் தரச் சொல்றேண்டா!"

"எதுக்கு?"

மலிவு விலை வீட்டுக்கு என்று நாக்கு நுனிவரை வந்தது. கூடத்துச் சுவரில் பங்களாப் படியில் நிற்கிறேனே, அந்த மனுஷன் என் நாக்கைப் பிடித்துக்கொண்டான்.

"இங்க ஒரு காகித வேலை," என்றேன்.

தர்ஷினி போனைப் பிடுங்கினாள். "சித்தப்பா, சூராட் ஒரிஜினல் வேணும்லா. ஸ்கேன் மட்டும்னா தாக் போலே. அப்புறம் ரூமா போட்டோ ரெண்டு, முன்னால ஒண்ணு, உள்ளுக்க ஒண்ணு. செப்பாட் அனுப்புங்க, ஓகே?"

கடிதம் அசல் வேண்டும், ஸ்கேன் மட்டும் செல்லாது, வீட்டுப் படம் இரண்டு வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்கிறாள். பழனிவேலு என்னிடம், "பாப்பா மலாய் நல்லாப் பேசுது அண்ணே," என்றான். அது தமிழ்தான் என்று எடுத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஒன்பது வயதில் ஒரே ஒரு முறை ஊருக்கு வந்தவள். தொகுப்பு வீட்டு வாசலில் நின்று, "அப்பா, மாடி எங்க?" என்று கேட்டவள். "இது பழைய வீடும்மா," என்று சொல்லிச் சமாளித்தேன். நம்பியதுபோல் தலையாட்டினாள். பிள்ளைகள் நம்மை எவ்வளவு சீக்கிரம் மன்னித்துவிடுகிறார்கள் என்பதற்கு அந்தத் தலையாட்டல் சாட்சி.

கடிதம் வந்த வேகத்தைப் பார்த்தால், என் தம்பி இப்படி ஒரு காகிதத்துக்காகவே இருபத்தாறு வருஷம் காத்திருந்தான் போல. மேற்படியார் பெயரில் இக்கிராமத்தில் வீடோ, மனையோ, நிலமோ இல்லை என்று முத்திரையோடு எழுதியிருந்தது. வி.ஏ.ஓ. புதிதாக வந்தவர், கடமை உணர்ச்சி உள்ளவர். கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: "விசாரித்ததில், மேற்படியாரை இக்கிராமத்தில் பலருக்கு அடையாளம் தெரியவில்லை."

அந்த வரியை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம் என்று கெஞ்சினேன். மொழிபெயர்ப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. முத்திரைக்குக் கீழே உள்ளதெல்லாம் கணக்கில் சேருமாம்.

சத்தியப் பிரமாணத்துக்கு ஒரு மாடி ஆபீஸ். தடித்த கண்ணாடி போட்ட சீனப் பெரியவர். நான் உரக்கப் படிக்க வேண்டும். "எனக்கு இந்தியாவில் வீடு எதுவும் இல்லை என்று உளமாரச் சத்தியம் செய்கிறேன்." ஒரு வாக்கியம்தான். பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து படித்தேன். சுவருக்குத் தண்ணீர் ஊற்றிய தகரக்குவளை ஞாபகம் வந்தது. பாதிச் சுவர் ஞாபகம் வந்தது. உள்ளே வராதே என்று தம்பியை விரட்டினேன், அவன்தான் உள்ளே இருக்கிறான். நான் காற்றைத் தட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"இது உண்மையா?" என்று பெரியவர் கேட்டார்.

"இப்பத்தான் உண்மையாச்சு," என்றேன்.

டப் என்று முத்திரை குத்தினார். அவருக்கு என்ன, பத்து பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

7

மேல்முறையீட்டுக்கு மாமனாரைக் கூட்டிப்போக வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். குருவி மூன்று முறை கத்தியது. அழைத்துப்போனேன்.

அதே அதிகாரி. கடிதத்தைப் படித்தார். "பலருக்கு அடையாளம் தெரியவில்லை" என்ற இடத்தில் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு பழனிவேலு அனுப்பிய படங்களைத் திரையில் திறந்தார். முதல் படம் வீட்டின் வெளிப்புறம். ஒற்றைக் கூடம், பக்கச் சுவரோடு ஒட்டி ஒரு சிமென்ட் படிக்கட்டு மேலே போகிறது. என்றைக்காவது மாடி எடுக்கலாம் என்று தம்பி கட்டியது. பதினைந்து படி ஏறினால் மொட்டை வானம். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நாலாவது படியில் ஒரு வெள்ளாடு உட்கார்ந்து கேமராவைப் பார்க்கிறது.

"இரண்டாவது மாடி?" என்றார் அதிகாரி.

"படி வந்திருச்சு," என்றேன். "மாடி வரல."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனார். கூடத்தின் உள்பக்கம். ஒரு கட்டில், ஒரு டி.வி., சுவரில் அப்பா படம், அப்பாவுக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு, இடுப்பில் கைவைத்து, நான். எனக்குப் பின்னால் வெள்ளைத் தூண்களும் அகலப் படிகளுமாகத் துரை பங்களா.

அதிகாரி படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். முகம் மாறியது.

"என்சேக். இந்த பங்களா யாருடையது?"

ஒரு வீடு இல்லை என்று நிரூபிக்கக் கொண்டுவந்த படத்தில் இன்னொரு வீடு முளைத்துவிட்டது. ராணி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கையில் பை. பைக்குள் அந்த மணி. எதற்குக் கொண்டுவந்தாளோ, கைபட்டு அது ஒருமுறை குருவிபோல் கத்தியது.

திடீரென்று ஒரு சிரிப்பு. மாமனார்தான். எழுபத்தெட்டு வயது மனுஷன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு தோட்டத்து மலாயில் அதிகாரியிடம் சொன்னார்:

"அம்மா, அது எங்க தோட்டத்து மேனேஜர் பங்களா. பால் சீவி முடிச்சுட்டு முப்பது வருஷம் அந்த முத்தத்துல புல்லு வெட்டினவன் நான். அந்தப் படியில நின்னவன்லாம் சொந்தக்காரன்னா, மொதச் சொந்தக்காரன் நான். அதோ அந்தத் தூணுக்குக் கீழ ஒரு ஓரமா வாளி தெரியுதுல்ல? அது என் வாளி."

அதிகாரி உற்றுப் பார்த்தார். வாளி இருந்தது. பிளாஸ்டிக் பையிலிருந்து மாமனார் தன் பழைய தோட்டத்துக் கார்டை எடுத்து நீட்டினார், பங்களாத் தோட்ட வேலை என்று எழுதியிருந்தது. அதிகாரி இரண்டையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. மேசைக்கு அடியில் பேனாவைத் தேடுவதுபோல் குனிந்து, தோள் குலுங்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

நான் மாமனாரிடம் குனிந்தேன். "மாமா, மன்னிச்சிருங்க. மாடின்னு சொன்னது..."

"தெரியும் மாப்ள."

"எப்பலேருந்து?"

"ரெண்டாம் வருஷத்துலேருந்து. சொந்த வீடு உள்ளவன் கூரை ஒழுகுதும்பான், வரி கட்டணும்பான், பக்கத்து வீட்டுக்காரன் வேலிய நவுத்திட்டான்னு பொலம்புவான். நீ ஒருநாளும் பொலம்பலியே. அப்படி ஒரு வீடு உலகத்துல கிடையாது." கார்டைப் பையில் திரும்பச் சுருட்டினார். "நான் மட்டும் என்ன யோக்கியமா? கம்பெனி வீட்டக் காட்டி என் வீடுன்னேன். ஒன் மாடி பாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அப்ப அன்னைக்கு இதே ரூமுல நான் ரெண்டு மாடின்னு சொன்னப்ப, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ இல்லேன்னு சொல்லுவேன்னுல்ல நெனச்சேன். அதப் பாக்கத்தான் நிமிந்து ஒக்காந்தேன்."

அறுபது நொடி முன்னால் கண்ணை மூடிக்கொண்டிருந்தவள் ராணி. இப்போது எங்கள் இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து என்னை நோக்கி வந்த முதல் சொல்: "நல்லாச் சேந்தீங்க ரெண்டு பேரும்."

எனக்கு அது கல்யாண மந்திரம்போல் கேட்டது.

8

சாவி போன செவ்வாய்க்கிழமை கொடுத்தார்கள். மூன்றாவது வரிசை, கடைசிக்கு முந்தின வீடு. மூன்று அறை, ஒரே தளம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஜெராய் மலையில் பாதி தெரிகிறது. மீதிப் பாதியைப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைக்கிறது. பத்திரம் ராணி பேரில். பலகையைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். அதன் ஒரு துண்டு, சடை போட்ட சிறுமி உள்ள துண்டு, மாமனாரின் கோழிக்கூண்டுக்குக் கூரையாகியிருக்கிறது.

குடிபோன மூன்றாம் நாளே நடுஅறையில் ஓர் ஓரம் ஈரம் கசிந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. காதர் பாய் கடையில் வந்த ஆள் போன ஆள் எல்லோரிடமும் புலம்பினேன். "என்னத்தக் கட்டறாங்களோ, அதுக்குள்ள ஒழுகுது பாருங்க." மாமனார் அந்தச் சனிக்கிழமை இரண்டு ரொட்டிக்கு நடுவே அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மூன்றாவது ரொட்டி கேட்டார்.

மணியைக் கதவு ஓரம் நானே மாட்டினேன். முதல் ஆளாக ராணி வெளியே போய், கதவைச் சாத்தச் சொல்லி, அமுக்கினாள். குருவி கத்தியது. நான் திறந்தேன். திரும்பச் சாத்தச் சொன்னாள். நாலு முறை அமுக்கிவிட்டு, உள்ளே வந்து உலை வைத்தாள்.

அன்று சாயங்காலம் தர்ஷினி எங்களைப் படம் எடுத்தாள். வாசலில் ராணி, மாமனார், நான். இரவல் சட்டை இல்லை, என்னுடையதுதான். இடுப்பில் கை வைக்கவில்லை. பின்னால் தெரிகிற வீடு சின்ன வீடு. ஆனால் சத்தியமாக எங்கள் வீடு. அதை அப்படியே பழனிவேலுவுக்கு அனுப்பினேன். "இதுதாண்டா எங்க வீடு. கவர்மெண்டு கட்டிக் குடுத்தது. ராணி பேர்ல இருக்கு" என்று, இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக ஒரு பொய்யும் கலக்காமல் எழுதினேன். நெஞ்சு லேசாகிவிட்டது. அவன் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு கோடும் நீலமாயின. சந்தோஷப்படுவான், நாலு வரி எழுதுவான் என்று போனைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

ஒரே வரி வந்தது.

"அப்ப அந்தப் பங்களாவ என்னண்ணே பண்ணுனே?"